எண் ஒத்த போல்ட்

போர்க்காலப் பட்டறையில் கழற்றிக் குவித்த பாகங்களிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்திய துப்பாக்கி அது. ஒரே துப்பாக்கியின் பாகங்களில் ஒரே எண்ணைப் பொறிப்பதுதான் வழக்கம்; இதிலோ குழலில் ஓர் எண், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டில் வேறு எண்.

"எவன் வீட்டுப் பிள்ளையோ நீ" என்று குழல் சீண்டும்.

"நான் இல்லாட்டி நீ வெறும் தண்ணிக் குழாய்டா" என்று போல்ட் திருப்பிக் கொடுக்கும். சேற்றிலும் மழையிலும் பழகிய பேச்சு. போர் முடிந்து பழம்பொருள் கடைக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை.

ஒருநாள் துப்பாக்கி சேகரிப்பவர் ஒருவர் வந்தார். "எண் ஒத்துப்போகலையே, இதுக்கு மதிப்பில்லை" என்று கீழே வைக்கப்போனவர், போல்ட்டின் எண்ணை மறுபடி படித்தார். அவர் வீட்டில் போல்ட் தொலைந்த துப்பாக்கி ஒன்று அதே எண்ணோடு இருந்தது. போல்ட்டை மட்டும் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

"உன் வீட்டுக்கே போறே, சந்தோஷமாப் போடா" என்றது குழல்.

சொந்தத் துப்பாக்கிக்குள் அது கச்சிதமாகப் பொருந்தியது.

"வந்துட்டியா? இனிமே என் மதிப்பே வேற" என்றது அந்தத் துப்பாக்கி.

இத்தனை காலம் எங்கே இருந்தாய் என்று அடுத்துக் கேட்கும் என போல்ட் காத்திருந்தது. சேகரிப்பவர் அலமாரியின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். துப்பாக்கி கேட்கவே இல்லை.