பார்க்க வருகிறார்கள்

வாசலில் கோலம் பெரிதாக இருந்தது. சுற்றிலும் செம்மண் பூசியிருந்தது.

அவன் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவு பெரிய கோலம் போடுவார்களா? போடலாம். அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

பின்னால் கார்க் கதவு சாத்தும் சத்தம். வீட்டை வாங்க வந்தவர்கள். கணவன், மனைவி, வளர்ந்த மகன்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க."

ராஜாமணியம்மாள் பட்டுப்புடவையில் இருந்தார். அவனுடைய இந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர். அவரைப் பட்டில் அவன் பார்த்ததே இல்லை.

கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. முதுகுகளில் பச்சை பெயிண்டில் வேறு யாருடைய பெயரோ. அக்கம்பக்கத்தில் வாங்கிப் போட்டிருக்க வேண்டும்.

கேசரி வாசனை.

"எதுக்குங்க இதெல்லாம்" என்றாள் வாங்க வந்தவரின் மனைவி. அவன் பக்கம் குனிந்து, "குடியிருக்கறவங்க இத்தனை நல்லவங்களா!" என்றாள் மெதுவாக.

அப்போது ராஜாமணியம்மாளின் மகள் கோகிலவாணி காபித் தட்டுடன் வந்தாள். தலை நிறைய மல்லிகை. பார்வை தரையில்.

முதல் தம்ளரை வாங்க வந்தவரின் மகனிடம் நீட்டினாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது.

போனில் ராஜாமணியம்மாளிடம் அவன் சொன்னது ஒரே வாக்கியம்.

ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றாங்கம்மா, நல்ல குடும்பம்.

எதை என்று சொல்லவில்லை.

சொல்லத்தான் நினைத்திருந்தான். எழுதிப் பார்த்தான். வாய்விட்டும் சொல்லிப் பார்த்தான். வீட்டை விக்கப் போறேங்கம்மா. அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டதும் 'வீடு' மட்டும் வாயில் வரவில்லை.

கேட்டுவிட்டு அவர், "நீங்க நல்லாருக்கோணும் தம்பி" என்றார். குரல் கரகரத்தது.

அதை அவன், வீட்டை விற்பதற்கான மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டான்.

சித்திரைக் கடைசி வரை வீடு அவர்களுக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்து அவனுடையது. போட்ட அன்றைக்கு அந்த அம்மா கேட்டிருந்தார். "இவளுக்கு நல்ல இடமா வந்தா சொல்லுங்க தம்பி." பார்க்கலாமுங்க என்றிருந்தான்.

வாங்க வந்தவர்களிடம் வேறு சொல்லியிருந்தான். தைக்குள் காலி செய்துவிடுவார்கள்.

இப்போது ஐப்பசி.

மகன் எழுந்தான். மொபைலை உயர்த்தினான். ராஜாமணியம்மாள் மகளின் தோளைத் தொட்டுச் சற்று நேராக நிறுத்தினார்.

"கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா?"

கோகிலவாணி தள்ளி நின்றாள்.

மகன் ஜன்னலைப் படம் எடுத்தான். ஜன்னலுக்கு மேலே இருந்த ஈரக் கறையை எடுத்தான். உத்தரத்தை எடுத்தான்.

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு வீட்டுக்காரனைப் பார்த்தாள். முதல் முறையாக நிமிர்ந்து.

அவன் காபியைப் பார்த்தான்.

இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தான். சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தான். அப்படி நினைத்ததை உடனே வெறுத்தான்.

"வாங்கக்கா" என்றாள் அவள், வாங்க வந்தவரின் மனைவியிடம். "சமையல்கட்டைக் காட்டறேன்."

குழாயைத் திறந்து காட்டினாள். எந்தக் கதவு மழைக்கு உப்பிக்கொள்ளும் என்று சொன்னாள். கிணற்று நீர் கோடையில் கீழே போகும், ஆனால் வற்றாது என்றாள். பூ தோளில் சரிந்து கிடந்தது. அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு மாடிப்படியில் முன்னே ஏறினாள்.

"கூச்சமே கிடையாதுங்க அவளுக்கு" என்றார் ராஜாமணியம்மாள். கண்கள் பளபளத்தன. "எங்க போனாலும் பொழைச்சுக்குவா."

அவன் கேசரித் தட்டைக் கீழே வைத்தான்.

அவர்கள் கீழே வந்தார்கள். வாங்க வந்தவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"எங்களுக்குப் பிடிச்சிருக்குதுங்க."

ராஜாமணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தையிலயே முடிச்சுக்கலாம்னு பார்க்கறோம்" என்றார் வாங்க வந்தவர்.

கோகிலவாணி காலித் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"வைகாசியில வெச்சுக்கலாம்மா" என்றாள். "அண்ணாவுக்குத் தெரியும். சித்திரை முடியட்டும்."

அம்மாவிடம்தான் சொன்னாள். பார்த்தது அவனை.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றான் அவன். குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "ஆமாங்க. வைகாசிதான். அதுக்கு முன்னாடி ஆகாதுங்க."

வாங்க வந்தவரின் முகம் சுருங்கியது. நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"அப்படீன்னா சரிப்படாதுங்களே. நாங்க வேற பார்த்துக்கறோம்."

ராஜாமணியம்மாள் பதறி எழுந்தார்.

"ஐயோ, இருங்க. அவ சின்னப் புள்ள, தெரியாமச் சொல்றா. தைன்னா தையிலயே வெச்சுக்கலாமுங்க. எங்களுக்கு ஒரு தடையும் இல்லைங்க."

"அம்மா."

"நீ சும்மா இரு கண்ணு."

வாங்க வந்தவர் சிரித்தார். அவன் தோளில் தட்டினார்.

"அப்பறமென்னங்க? அவங்களே சொல்லிட்டாங்க."

ராஜாமணியம்மாள் உள்ளே ஓடினார். சர்க்கரைக் கிண்ணத்துடன் வந்தார். வந்தவர்களை விட்டுவிட்டு நேராக அவனிடம் வந்தார்.

"எல்லாம் உங்களாலதான் தம்பி."

அவன் வாயைத் திறந்தான்.

சொல்வதற்குத்தான் திறந்தான்.

அவர் சர்க்கரையைப் போட்டார்.