கையுறை வழங்கப்பட்டது

“மறந்துட்டேனுங்க சார். எம்மேலதான் தப்பு.”

கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு ராஜமேரி சொன்னாள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் ஒப்பந்தப் பணியாளர். போன வாரம் ஆசிட் மிச்சமிருந்த குடுவை கைதவறி, புறங்கை வெந்துவிட்டது.

எதிரே விபத்தை விசாரிக்க உட்கார்ந்திருந்தவர் பேராசிரியர் சந்திரமோகன், பாதுகாப்புக் குழுவின் செயலாளர். சீட் பெல்ட் போடாவிட்டால் துணைவேந்தரின் டிரைவரையே கேட்டில் நிறுத்துகிறவர். அன்றைக்கு ராஜமேரியைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவரும் அவர்தான்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. கையுறை வாங்கினதுக்குக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க.”

“ஆமாங்க சார்.”

அவருக்கு மனசு கேட்கவில்லைதான். அதற்காக விதியை வளைக்க முடியுமா? ‘கையுறை வழங்கப்பட்டது, பணியாளர் அணியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மூன்றாம் நாள் ஒப்பந்தக்காரர் ராஜமேரியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். சொந்தக் கவனக்குறைவாம், இழப்பீடும் கிடையாதாம். டிபன் பையை இடது கையில் மாட்டிக்கொண்டு, “வரேனுங்க சார்” என்று சொல்லிவிட்டுக் கம்பைநல்லூர் பஸ்ஸில் ஏறிப் போனாள்.

மறுநாள் காலை சந்திரமோகன் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

“இனிமே இப்படி நடக்கக் கூடாது. வர்ற புது ஆளுக்கு மொதல்ல கையுறை எடுத்துக் குடுங்க.”

ஆய்வக உதவியாளர் ஆக்சிலியா நகராமல் நின்றாள்.

“சாவி வேணுங்க சார்.”

“எந்தச் சாவி?”

“கண்ணாடி பீரோ சாவிங்க. ஆய்வுக் குழு வந்து பாக்கற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாதுன்னு, எல்லார்கிட்டயும் கையெழுத்த மட்டும் வாங்கிட்டு நீங்கதான பூட்டுனீங்க?”

“குழு வந்துட்டுப் போயி எட்டு மாசம் ஆச்சே?”

“ஆமாங்க சார்.”

பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். கார் சாவியை ஒட்டியே பீரோவின் சின்னச் சாவியும் தொங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் கையுறைப் பெட்டிகள் மேலுறைகூடப் பிரியாமல் அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

“அந்தம்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“ரெண்டு தடவ கேட்டுச்சுங்க. ‘அப்புறம் பாக்கலாம்மா’ன்னு சொல்லிட்டு மீட்டிங்குக்குப் போயிட்டீங்க.”

சொன்னது ஞாபகம் வந்தது.

“விசாரணையிலயாவது சொல்லியிருக்கலாமே...” குரல் பாதியில் இறங்கிவிட்டது.

“நானும் அதத்தான் கேட்டேனுங்க சார்.” ஆக்சிலியா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “‘கை வெந்தப்ப என்னைக் கார்ல போட்டுக்கிட்டு ஓடுன மனுசன், அவரப் போயி எப்படி மாட்டி விடுறது’ன்னு சொல்லிட்டுதுங்க.”