அழுகை ஒத்திகை

"அழுதுக்கிட்டு போன் பண்ணுன, மறுநாளே கூட்டியாந்து கட்டிக்குடுத்துருவேன்" என்று மிரட்டித்தான் எவாஞ்சலினை லண்டனுக்கு நாடகம் படிக்க அனுப்பினார் அப்பா ராஜசிங்.

இப்போது வீடியோ காலில் அவள் கதறினாள். "அம்மா, இங்கன ஒரு வெடிச்சத்தம்கூட இல்ல. தூக்கமே வரல. ஊருக்கு வந்துருதேன்."

ஆமத்தூர் வீட்டில், பட்டாசு கம்பெனி போர்மேனான ராஜசிங் உதட்டைப் பிதுக்கினார். "நமத்த வெடி மாதிரில்லா இருக்கு. இப்படி நடிச்சா மார்க் போடுவாகளா? நல்லா அழு தாயி."

மறுபடி அழுதாள். பக்கத்து வீட்டு ஸ்வீட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள்.

"இதுல்லா நடிப்பு," என்றார் ராஜசிங். "நாளைக்கும் ஒத்திகை உண்டா?"

"தெனமும் உண்டுப்பா."

போனை வைத்ததும் சென்னைக்கார அறைத்தோழி பிரீத்திகா கேட்டாள். "என்ன நாடகம்டி? கிளாஸ்ல யாரும் சொல்லலையே?"

எவாஞ்சலின் மூக்கைச் சிந்தினாள். "நாடகமெல்லாம் ஒண்ணுமில்லடி. ஒத்திகைன்னு சொன்னாத்தான் எங்க வீட்டுல அழ விடுவாக."