நான்கு நொடி

சத்தங்களைப் பிடித்துவைத்து வாசிக்கிற சாம்ப்ளரில் புது மாடல் வந்ததுமே, சியோலில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் குன்தே தன் வாடிக்கையாளருக்கென்று ஒன்றை எடுத்து வைத்துவிட்டான். கிளப்புகளில் வாசிக்கும் பியோங்ஹோதான் தயங்கினார்.

"அண்ணே, அந்த ஓட்டை டப்பாவையா இன்னும் கட்டிக்கிட்டு அழுறீங்க? நாலு நொடிக்கு மேல அதால எதையும் பிடிக்க முடியாது. இதுல மணிக்கணக்கா பிடிக்கலாம்."

"எனக்கு அந்த நாலு நொடி போதும்டா."

அதில் இருந்தது அவர் மனைவி சுக்ஹியின் மூச்சு. ஆஸ்பத்திரியில் பதிந்தது. இழுக்கிற மூச்சு மட்டும்தான். விடுவதற்குள் டப்பாவில் இடம் தீர்ந்துவிட்டது. அன்றைக்கே அவளும் போய்விட்டாள்.

பழசின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மூச்சு இருந்த பொத்தானும் மக்கர் பண்ணத் தொடங்கியதும் பியோங்ஹோ புதியதை வாங்கிவந்தார். மூச்சை அதற்கு மாற்றிவிட்டுத் தட்டினார்.

சுக்ஹி மூச்சை இழுத்தாள். நான்கு நொடி கடந்தது. சத்தம் நிற்கவில்லை.

அதை நிறுத்த அவருக்குக் கை வரவில்லை. எழுந்துபோய் ராம்யன் நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்தார். தண்ணீர் கொதித்தது. ராம்யன் வெந்து, ஊறி, ஆறியும் போனது. சுக்ஹி இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தாள், எதையோ சொல்ல வாயெடுத்தவள் போல.