குரொஃப்டுக்கு ஒரு பிடி மண்

கற்பூரம் அணைத்துச் சத்தியம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மொன்றியல் மலைச்சரிவு இடுகாட்டில், முழங்காலளவு பனிக்குள், தவமலர் மாமியும் அவருடைய ஐரிஷ் மருமகன் கெவின் டூலனும் ஒரு கல்லின் முன்னால் நிற்கிறார்கள். பனிக்கு மேலே ‘ஹென்றி குரொஃப்ட்’ என்ற பெயர் மட்டும் தெரிகிறது. பஞ்ச காலத்தில், அயர்லாந்தில் கெவினின் முப்பாட்டனுடைய வீட்டைக் கொளுத்தி அவரைத் துரத்திய பண்ணைக் காரியக்காரனின் பெயர் அது. டப்ளினில் பதிவேடுகள் எரிந்துபோனதால் குடும்பத்தில் மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான். “அவன்தான் எண்டு வடிவாத் தெரியுமோ, தம்பி?” “ஓம் மாமி. கனடாவுக்குக் கப்பலேறினவனாம். பேர் சரி.” “காணும். ஊரில எங்கட வீட்டைக் கொளுத்தினவங்களுக்கு ஒரு பேர்கூட இல்லை.” நிலம் உறைந்து இறுகிக் கிடப்பதால் மாமி, வீட்டுக்குள் மிளகாய்ச் செடி வளர்க்கும் சாடியின் மண்ணைக் கடைப்பையில் கொண்டுவந்திருக்கிறார். கையுறையைக் கழற்றி ஒரு பிடி அள்ளுகிறார். எறிய ஆளில்லாமல் இத்தனை வருடமும் சும்மா இருந்த கை அது. “உன்ர குலம் விளங்காமப் போக!” அந்தச் சத்தத்தில் மேப்பிள் மரத்து அணில் ஒன்று மயங்கி விழுகிறது; மண் பட்ட இடத்தில் பனி சீறிப் புகைகிறது. சாய்ந்த வெயிலில் மாமியின் மூக்குத்தி மின்னுகிறது. “நீங்களும் எறியுங்கோ, தம்பி.” கெவின் இரண்டு கையாலும் அள்ளுகிறான். பனிக்குள் மறைந்திருக்கும் கீழ்வரியில், இறந்தபோது குரொஃப்டுக்கு இருந்த வயது செதுக்கப்பட்டிருக்கிறது: நான்கு.