வலது மாதம்

“ரைட்ல லைனு மூடிக் கெடக்குதுண்ணே. இந்த மாசம் எங்க தானியேலுக்கு நைட் ஷிப்ட்டே போட்டுருங்க” என்றாள் சுகிர்தா.

சூப்பர்வைசர் ஆசீர்வாதம் குழம்பிப்போனார். கும்மிடிப்பூண்டி ஃபாக்டரியில் எந்த லைனும் மூடவில்லை. இப்போதுதான் அங்கிருந்து வந்திருந்தார். இருந்தாலும் சர்ச்சில் பார்த்துப் பழகிய முகமாயிற்றே என்று தலையாட்டி வைத்தார்.

சுகிர்தா சொன்ன லைன் அவள் மருமகள் மோனிகாவின் வயிற்றுக்குள் இருந்தது. போன வருஷம் உண்டான கரு, கர்ப்பப்பைக்குப் போய்ச் சேராமல் வலது கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, மோனிகா பிழைத்ததே பெரும்பாடு. அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். இன்னொன்று நன்றாக இருக்கிறது, குழந்தை பிறக்க அது போதும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார்.

சுகிர்தாவுக்கு அது போதவில்லை. கருமுட்டை ஒரு மாதம் வலப்பக்கம், ஒரு மாதம் இடப்பக்கம் வரும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மகன் தானியேலுக்கு ஷிப்ட் போட ஆரம்பித்துவிட்டாள். எந்த மாதம் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? ஈஸ்டர் வந்த மாதம் இடது என்று அவளே வைத்துக்கொண்டாள்.

இடது மாதத்தில் தானியேலுக்குக் காலை ஷிப்ட். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நாட்டுக்கோழி சூப் தயாராக இருக்கும். அந்த மாதம் முழுக்க சுகிர்தா வாசலைத் தாண்டமாட்டாள். கவரைப்பேட்டையில் அவர்களுடையது ஒரே ஹாலைத் திரை போட்டுத் தடுத்த வீடு. திரைக்கு இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்துகொண்டு, “செல்ல நோண்டிக்கினு இருக்காதீங்கப்பா, லைட்ட அணைச்சுட்டுப் படுங்க” என்று குரல் கொடுத்தபடியே கொட்டக் கொட்ட விழித்திருப்பாள்.

வலது மாதம் அவள் கணக்கில் வீண் மாதம். தானியேல் நைட் ஷிப்ட்டுக்குப் போய்விடுவான். இனி தனக்கு இங்கே என்ன வேலை என்று சுகிர்தாவும் பைபிளைப் பையில் போட்டுக்கொண்டு, தினமும் காலை ரயிலில் மீஞ்சூர் உபவாச ஜெபத்துக்குக் கிளம்பிவிடுவாள். பேரப்பிள்ளைக்காக முட்டி போட்டு முட்டியெல்லாம் காய்த்துப்போனதுதான் மிச்சம்.

அப்படி ஒரு வலது மாதம் போய், அடுத்தது பிறந்தபோது மோனிகாவுக்கு நாள் தள்ளியது.

“தள்ளிப் போனா ஒடனே வந்துடணும்னு டாக்டரம்மா சொல்லிக்கிறாங்க அத்தே. இருக்கிற ஒரு கொழாயிலயும் தங்கிடுச்சுன்னா...” மோனிகா அழுதாள்.

சுகிர்தாவுக்குப் பகீரென்றது. போன தடவை ஆட்டோவில் தன் மடியில் நினைவில்லாமல் கிடந்த பெண் அல்லவா? அப்போதே பொன்னேரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா ரத்தம் பரிசோதித்துவிட்டு, அடுத்த வாரம் ஸ்கேன் பார்க்கலாம், நடுவில் வலி வந்தால் ஓடி வந்துவிட வேண்டும் என்றார்.

அந்த ஒரு வாரமும் சுகிர்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. பாதி பயம். மீதிப் பாதியை வெளியே சொல்ல முடியவில்லை. உண்டானது வலது மாதத்தில் அல்லவா?

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையைப் பார்த்துச் சிரித்தார். “பயப்படாதீங்க. கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கு. துடிப்பும் நல்லா தெரியுது.”

மோனிகா முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். தானியேல் அவள் தலையைத் தடவிக்கொண்டே தன் கண்ணையும் துடைத்தான். “ஸ்தோத்திரம்” என்று கைகூப்பிய சுகிர்தா அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“டாக்டரம்மா, இது எந்தப் பக்கத்து முட்ட?”

“வலப்பக்கம் வந்ததுதான். அந்தப் பக்கம் வர்ற முட்டையையும் இடப்பக்கக் குழாய் சில நேரம் வாங்கிக்கும். அதுவுமில்லாம, மாசத்துக்கு ஒரு பக்கம்னு முட்டை முறை வச்சுக்கிட்டு வராதும்மா.”

ஒரு முடிச்சு அவிழ்ந்தது. பெரிய முடிச்சு இன்னும் அப்படியே இருந்தது. ஒரு வாரமாக அடக்கி வைத்தது சுகிர்தாவின் வாயில் வந்துவிட்டது.

“முட்ட எப்டியோ வரட்டும். அந்த மாசம் பூரா எம்புள்ளக்கி நைட் ஷிப்ட்டு! ஒரு ராத்திரி கூட ஊட்ல தங்கல. அப்பறம் இது எப்டிம்மா?”

தானியேலுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. டாக்டரம்மா சட்டென்று திரும்பி ஸ்கேன் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

படுத்திருந்த மோனிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பகல்ல நீங்கதான் ஜெபத்துக்குப் பூடுவீங்களே அத்தே!”