பதினோராவது அடி

வேனின் சிடி பிளேயரில் ஆறு நிமிடம் ஐம்பது விநாடி.

இன்னும் ஐம்பத்திரண்டு விநாடி இருந்தது. முன்சீட்டில் திருநாவுக்கரசு அந்தப் பச்சை எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்து ஜன்னல் கண்ணாடி கடலூரிலிருந்தே கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது.

பாட்டின் பெயர் 'துடுப்பு'. 'உப்பங்கழி' என்ற அவர்கள் குழுவின் முதல் ஆல்பத்தில் கடைசிப் பாட்டு, பதினோரு நிமிடம். முந்நூறு சிடிகள் பின்னால் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. நாளைக்குச் சிதம்பரத்தில் வெளியீடு.

பின்சீட்டில் ட்ரம்ஸ் வாசிக்கும் ஜான்சியும், கிட்டார் வாசித்துக்கொண்டே பாட்டையும் உறுமுகிற சபரீஷும். வேனை ஓட்டியது ஜான்சியின் தாய்மாமா ராஜாமணி. முதல் பாட்டு முடிந்ததுமே, தம்பிக்கு வயிற்றில் ஏதாவது தொந்தரவா என்று கேட்டார். டெத் மெட்டலில் அப்படித்தான் பாடுவார்கள் என்று ஜான்சி விளக்கினாள். கத்துவதையும் கணக்காகத்தான் கத்துகிறான் என்று மாமா ஒப்புக்கொண்டார்.

அந்தக் கணக்கில்தான் திருநாவுக்கரசு தப்பு செய்திருந்தான்.

பதினோரு பதினோரு அடியாக எண்ணிப் போகும் பாட்டு. ஏழு நிமிடம் நாற்பத்திரண்டாவது விநாடியில் அவன் பேஸ் கிட்டார் பத்தோடு நிறுத்திக்கொண்டு அடுத்த சுற்றுக்குத் தாவிவிட்டது. ஒரே ஒரு அடி. அதே நொடியில் மற்ற இருவரும் அவனோடு தாவி, விழுந்தவனைத் தாங்கிப் பிடித்த மாதிரி பாட்டைக் காப்பாற்றிவிட்டார்கள்.

மறுபடி வாசிக்க வழியில்லை. புயலுக்குப் பிறகு கடலூரில் கரண்ட் இரண்டு மணி நேரம் இருக்கும், இரண்டு மணி நேரம் போகும். கல்யாண வீடியோக் கடை மாடியில் அவர்களுக்கு அதுதான் கடைசி நாள். பத்து மணிக்குப் போகவேண்டிய கரண்ட்டை நம்பி, காலை ஒன்பது நாற்பத்தேழுக்கு மூவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். ஒரே மூச்சு.

அன்று சாயங்காலம் திருநாவுக்கரசு கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, பாட்டு, பிழை என்று எழுதினான். காரணம் என்ற இடத்தில் 'பயம்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'கவனக்குறைவு' என்று மாற்றினான்.

அதற்குப் பிறகு நாற்பது நாள். மிக்ஸிங் செய்த சபரீஷ் அந்த இடத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெருந்தன்மை என்று திருநாவுக்கரசு நினைத்துக்கொண்டான். ஜான்சி மிக்ஸிங் கேட்கவே வராமல் ஏதேதோ சாக்கு சொன்னாள். கோபம் என்று நினைத்துக்கொண்டான்.

சட்டைப்பையில் அதே நோட்டிலிருந்து கிழித்த தாள் இருந்தது. நான்கு வரி. நல்ல பேஸ் வாசிப்பவனாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் விலகுகிறேன்.

இன்று மூவரும் சேர்ந்து முதல் தடவையாகக் கேட்கிறார்கள். யாராவது அந்த இடத்தில் ஒரு பார்வை பார்த்தால் தாளை எடுத்து நீட்டிவிடுவது. அதற்கு முன்னால் ஒரு முயற்சி: ஏழு நாற்பதில் சத்தத்தைக் குறைத்து, மாமாவிடம் டீ குடிக்கலாமா என்று கேட்பது.

ஏழு முப்பத்தெட்டு.

புதுச்சத்திரம் தாண்டிவிட்டது.

ஏழு நாற்பது.

கையை நீட்டி வால்யூம் குமிழைப் பிடித்தான்.

அவன் விரல்மேல் இன்னொரு விரல் விழுந்தது. கம்பி அழுத்தி அழுத்தி நுனி காய்த்த விரல். அதன்மேல் ஒரு கை. குச்சி பிடித்துத் தடித்த உள்ளங்கை.

மூன்று கைகளும் சேர்ந்து குமிழைத் திருப்பின. பாட்டு முணுமுணுப்பாக அடங்கியது.

யாரும் கையை எடுக்கவில்லை. திருநாவுக்கரசு திரும்பிப் பார்த்தான். இரண்டு சீட்டுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு இரண்டு முகங்கள். இரண்டிலும் அவன் நாற்பது நாளாகக் கண்ணாடியில் பார்த்த அதே முழி.

ஜான்சிதான் மெதுவாகக் கேட்டாள். "டேய், நீங்களும் அந்த டியூப்லைட்டப் பாத்துத்தான் தாவினீங்களா?"

அன்று அது ஒரே ஒரு தடவை சிமிட்டியது. கரண்ட் போவதற்கு முன்னால் சிமிட்டுமே, அப்படி. போய்விடப்போகிறது என்று அவனும் ஓர் அடியை விழுங்கி ஓடினான். கரண்ட் போகவில்லை.

சபரீஷ் நெற்றியை முன்சீட்டின் முதுகில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தான்.

"ஏம்பா கொறச்சீங்க?" என்றார் மாமா. "அந்த எடத்துலதான் வேகத்தடையில வண்டி தூக்கிப் போட்டாப்ல நல்லா இருக்கும்போல இருந்துச்சி."

மூன்று கைகளையும் தட்டிவிட்டு, அவரே சத்தத்தை ஏற்றிப் பாட்டை முதலிலிருந்து வைத்தார்.

திருநாவுக்கரசு சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து, எட்டாக மடித்து, கண்ணாடி இடுக்கில் செருகினான்.

கடகடப்பு நின்றது.